பிறைக்கு அப்பாலும் வானம் உண்டு

 

ரமழான் தலைப்பிறைக்காக நாம் வாவிக்கரையில் கூடுகின்றோம். பிறை தென்பட்டதும் வானத்தை மறந்து வீடு திரும்புகின்றோம். மற்றைய இரவுகளில் ஒரு பிள்ளை வானத்தை அண்ணாந்து நின்றால், "போய்ப் படி" என்று அதட்டுகின்றோம். அந்தப் பிள்ளைக்காகவே இன்று பேசுகின்றேன்.

மாரி ஓய்ந்த பெப்ரவரியில், நிலவில்லாத இரவொன்றில், இஷாத் தொழுகையின் பின் உச்சி வானத்தைப் பாருங்கள். மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். அவற்றின் தெற்கே மங்கலான பஞ்சுத் துணுக்குப் போன்ற ஒன்று தென்படும். அதுவே ஒரியன் நெபுலா. நெபுலாவை அரபியில் 'சதீம்' என்பர். அதன் தூரம் ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுகள். டமஸ்கஸில் உமையாக்கள் ஆண்ட காலத்தில் புறப்பட்ட ஒளியே இன்று நம் கண்களை வந்தடைகின்றது.

வாயுவும் தூசும் நிறைந்த அம்முகில் நட்சத்திரங்களின் தொட்டிலாகும். வாயு தன் ஈர்ப்பினால் ஒடுங்க ஒடுங்க அதன் சுழற்சி விரைவடைகின்றது. நட்சத்திரக் கருவைச் சுற்றி ஒரு தட்டு உருவாகின்றது. சுழற்சி மிஞ்சினால் வாயு உள்ளே விழ இயலாது. ஆகவே காந்தப் புலத்தின் துணையுடன் ஒரு பகுதி வாயு இரு முனைகளாலும் வெளியே பீறிடுகின்றது. மிகையான சுழற்சியையும் கொண்டு செல்கின்றது. இவ்வாறு வெளியேற்றுவதனாலேயே நட்சத்திரம் வளர்கின்றது.

சுமார் 1,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள 'எச்எச் 211' எனும் அத்தகைய பாய்ச்சலின் படத்தை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் தந்தது. அதன் உட்பகுதி வேகம் செக்கனுக்கு 80 முதல் 100 கிலோமீற்றர். அங்குள்ள குழந்தை நட்சத்திரத்தின் நிறை சூரியனின் நிறையில் 8 வீதம் மாத்திரமே. படத்தின் நிறங்கள் கண்ணால் காண்பவை அல்ல. அகச்சிவப்புக் கதிர்களுக்கு விஞ்ஞானிகள் இட்ட நிறங்கள்.

இக்கல்வி நமக்கு அந்நியமானதன்று. கி.பி. 964 அளவில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, அந்திரொமீடாவை ஒரு சிறு முகிலாகப் பதிந்தார். அது கோடானுகோடி நட்சத்திரங்களின் கூட்டம் என்பது 20ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாகியது. ஒரியனின் காலிலுள்ள நட்சத்திரத்தை உலகம் 'ரைஜல்' என்கின்றது. 'கால்' எனப் பொருள்படும் 'ரிஜ்ல்' என்ற அரபுச் சொல்லே அது. இப்பெருமையைப் பேசுவோர் நம்மில் பலர். அஸ்ஸூஃபியைப் போல் இரவில் விழித்திருந்து பார்ப்போர் சிலர்.

பெற்றோர்களே! முன்னோர் புகழ் மாத்திரம் பிள்ளைக்கு அறிவாகாது. மகனாயினும் மகளாயினும் ஓரிரவு கைப்பிடித்து வாவிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். பிள்ளையின் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். பின்னர் இருவருமாகத் தேடுங்கள்.