நாற்சந்திக் கதை

மிசிசிப்பியில் 1911இல் பிறந்த ராபர்ட் ஜான்சன், அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையைப் பாடித் திரிந்த கலைஞர். தொடக்கத்தில் அவருடைய கிதார் வாசிப்பைக் கேட்டோர் முகஞ்சுளித்தனர் என்பார் மூத்த பாடகர் சன் ஹவுஸ். சில காலம் காணாமற்போய்த் திரும்பியவரின் விரல்களிலோ வியத்தகு தேர்ச்சி! நள்ளிரவில் நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுப் பெற்ற வரம் அது என்னும் கதை பின்னாளில் பரவியது. டாமி ஜான்சன் என்னும் மற்றொரு பாடகரைப் பற்றியும் இக்கதையே வழங்குகிறது.

ஐக் சிம்மர்மன் என்பவரே அவருக்குக் கற்பித்தார்; இருவரும் இரவில் இடுகாட்டுக் கல்லறைகளின்மேல் அமர்ந்து பயின்றனர் என்பர் சிம்மர்மன் குடும்பத்தார். பேய்க்கதை முளைக்க இதைவிட நல்ல நிலம் வேண்டுமோ? அக்கதையில் மறைந்துபோனது அவருடைய உழைப்பு. 1936, 1937ஆம் ஆண்டுகளில் அவர் பதிவுசெய்த பாடல்கள் 29. அடுத்த ஆண்டே, 27ஆம் வயதில் மறைந்தார். அவருக்கு மூன்று இடங்களில் நினைவுக்கற்கள் நிற்கின்றன.