நாற்சுழலி வானூர்தியும் காற்றியக்கவியலும்

நான்கு சுழல்விசிறிகளால் மேலெழும் வானூர்தி நம் காலத்துப் புதுமையன்று. 1922 ஆம் ஆண்டிலேயே டி பொதேசா என்பார் அத்தகைய பொறியொன்றை அமெரிக்காவிற் பறக்கச் செய்தார். எனினும், இன்றைய சிறிய ஆளில்லா ஊர்தியை நிலைகுலையாது காப்பது கணிப்பேயாகும். ஒவ்வொரு விசிறியும் எவ்வேகத்திற் சுழலவேண்டுமென்று கணிபொறி இடையறாது கணிக்கின்றது. அக்கணிப்புக்கு அடிப்படையான மாதிரியுரு எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

1865 இல் றாங்கின் என்பார் கப்பற் செலுத்திகளுக்கென வகுத்து, 1889 இல் புறூட் என்பார் விரித்த உந்தக் கொள்கையே இதற்கு மூலம். சுழலும் விசிறியை ஒரு மெல்லிய வட்டத்தட்டாகக் கொள்க. அது மேலுள்ள காற்றை ஈர்த்துக் கீழே தள்ளும்; ஒரு செக்கனிற் காற்றுப் பெறும் உந்தமே உதைப்புக்குச் சமனாகும். ஒரு கிலோகிராம் திணிவுள்ள ஊர்தி 25 சதமமீற்றர் விட்டமுடைய நான்கு விசிறிகளோடு அந்தரத்தில் நிற்பதாயின், தட்டினூடே காற்று செக்கனுக்கு ஏறக்குறைய 4.6 மீற்றர் வேகத்தில் இறங்கும். இழப்பேதுமில்லையெனக் கொண்டாலும் 45 வாற்று வலு வேண்டும்.

இந்நிலையில் உதைப்பு சுழல்வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமனாகும். வேகம் பத்து வீதம் கூடின் உதைப்பு இருபத்தொரு வீதம் கூடும். இவ்விதியின் எளிமையிற் கற்றோரும் மயங்குவர். ஆனால், அது அசையாக் காற்றில் அசையாது நிற்கும் ஊர்திக்கே உரியது.

ஊர்தி முன்னோக்கி விரையும்போது, முன்செல்லும் இறக்கை மிகுந்த காற்றையும் பின்வாங்கும் இறக்கை குறைந்த காற்றையும் எதிர்கொள்ளும். அதனால் இறக்கைகள் மேலுங்கீழுமாக வளைய, சுழல்தளம் பின்புறஞ் சாயும். புதுக்காற்று மிகுதலால் அதே சுழல்வேகத்தில் உதைப்பும் பெருகும். இவ்விரு விளைவுகளையும் புறக்கணித்தலாகாதென 2007 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் பரிசோதனை வாயிலாகக் காட்டினர்.

இவற்றினும் கொடியது நேர்கீழாக இறங்குதல். விசிறி கீழே தள்ளிய காற்றினுள்ளேயே ஊர்தி புகுகின்றது. தள்ளப்பட்ட காற்று தட்டின் விளிம்பைச் சுற்றி மேலேறி மீண்டும் உள்ளிழுக்கப்பட்டு, வளையச் சுழியாகின்றது. உதைப்பு தளும்பிக் குறையும். ஊர்தி ஆடியவாறே விழத்தொடங்கும். மேற்கூறிய ஊர்தி செக்கனுக்கு இரண்டு மூன்று மீற்றர் வேகத்தில் இறங்கினாலே இவ்விடர் நேரலாம். காற்று ஒருதிசையிற் சீராக ஓடும் என்னும் எடுகோள் இங்கே சிதைந்துவிடுதலால் உந்தக் கொள்கை விடை தரமாட்டாது. காற்றுச் சுரங்கத்தில் அளந்து வரைந்த வளைகோட்டையே மாதிரியுருவிற் சேர்த்தல்வேண்டும். வீழ்ச்சியைத் தடுக்கச் சுழல்வேகத்தைக் கூட்டுவதாற் பெரும்பாலும் பயனில்லை, சுழியே வலுப்பெறும். பக்கவாட்டிற் சிறிது நகர்த்தினால், விசிறிகள் கலங்காத காற்றையடைந்து இழந்த உதைப்பை மீளப்பெறும்.