184 கி.மீ. பறக்க ஒரு மணி நேரமா? யாழ்ப்பாணம் விமானக் கணக்கு இதுதான்!

கல்யாணத்துக்குக் கூறைச் சேலை எடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து காஞ்சிபுரம் வருகிறது ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஊர் திரும்ப நேரடி விமானத்துக்கு இரண்டு வழி: சென்னை அல்லது திருச்சி.

மேப்பைப் பார்த்தால் திருச்சிதான் பக்கம். அங்கிருந்து பலாலியில் உள்ள யாழ்ப்பாணம் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 184 கி.மீ. சென்னையிலிருந்து சுமார் 355 கி.மீ. தூரம் பாதி என்றால் நேரமும் பாதிதானே? அதுதான் இல்லை. திருச்சி விமானத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், சென்னை விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்.

ஏன் இப்படி?

டிக்கெட்டில் இருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் வரையிலான மொத்த நேரம். இதை ‘பிளாக் டைம்’ என்பார்கள். ஓடுபாதைக்குப் போவது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது, தாமதமானால் சமாளிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எல்லாம் இதில் அடக்கம். தூரம் குறைந்தாலும் இவை பெரிதாகக் குறையாது.

இந்த வழித்தடத்தில் பறக்கும் ஏடிஆர் 72 விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. இரண்டு வழிக்கும் வித்தியாசம் 171 கி.மீ. அதாவது, வெறும் 20 நிமிடம்.

காஞ்சிபுரத்திலிருந்து எது லாபம்?

சென்னை விமான நிலையத்துக்குச் சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். திருச்சிக்கு எப்படியும் ஐந்து மணி நேரம். வானில் 20 நிமிடம் மிச்சம் பிடிக்க, தரையில் மூன்று மணி நேரம் செலவு. ஆக, சென்னைதான் சரி.

நேரடி விமானம் இல்லாவிட்டால்?

விமானத்தில்தான் போக வேண்டும் என்றால் கொழும்பு வழிதான். சென்னையிலிருந்து சுமார் 645 கி.மீ. தெற்கே பறந்து, பிறகு சாலையிலோ ரயிலிலோ சுமார் 400 கி.மீ. வடக்கே திரும்பி வர வேண்டும். சென்னைக்கும் கொழும்புக்கும் நேர்கோடு போட்டால், அது யாழ்ப்பாணத்தை ஒட்டியே போகிறது என்பதுதான் வேடிக்கை!

பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது 2019 அக்டோபரில். நவம்பரில் சென்னை விமானம் வந்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை, 2022 டிசம்பரில்தான் திரும்பியது. திருச்சி சேவை 2025 மார்ச்சில் தொடங்கியது.

பரந்தூர் வந்தால் மாறுமா?

காஞ்சிபுரம் அருகே திட்டமிடப்படும் பரந்தூரிலிருந்தும் யாழ்ப்பாணம் சுமார் 350 கி.மீ.தான். பறக்கும் நேரம் அதேதான். காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சாலைப் பயணம் குறையும். ஆனால் அந்த விமான நிலையத்துக்காகத் தங்கள் நிலமும் ஏரியும் போகக் கூடாது என்று ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடி வருகிறார்கள்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தை மாற்றத் தேவையில்லை. விமான அட்டவணை மட்டும் மாறலாம். முகூர்த்தம் நெருங்கும்போது, சேலைக்கு நாள் குறிக்கும் முன் விமானம் எந்தெந்த நாளில் என்று பார்த்துக்கொள்வது நல்லது.