சைகோன் தூதரகத்துப் புளியமரம்

நம் நாட்டுப் பெருவழிகளின் இருமருங்கிலும் நிழல் தந்து நிற்கும் புளியமரம், கடல் கடந்து வியட்நாம் தேசத்துச் சைகோன் நகரத்தின் வீதிகளுக்கும் நெடுநாளாகச் சொந்தமான மரம். அந்நகரத்தில் நகரத்தார் வணிகர்களும், பிரெஞ்சுப் பிரஜைகளாயிருந்த புதுச்சேரி, காரைக்கால் தமிழர்களும் ஒரு காலத்தில் கடையும் வீடுமாக வாழ்ந்ததும், தமிழர் வழிபட்ட மாரியம்மன் கோயில் இன்றும் அதன் நடுவே நிற்பதும் வாசகர்களில் பலர் கேள்வியுற்ற விஷயமே. நான் இங்கே சொல்லப் புகுந்தது, அந்நகரத்து அமெரிக்கத் தூதரகத்தில் கார்கள் நிறுத்தும் முற்றத்திலே நின்ற ஒரு புளியமரத்தைப் பற்றி. 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில், தோற்றுப்போன ஒரு யுத்தத்தின் இறுதி நாளில், ஆயிரக்கணக்கான ஜனங்களின் கதி அந்த மரத்தை வெட்டலாமா, வெட்டலாகாதா என்ற வழக்கோடு பின்னிக் கிடந்தது.

தூதரகம் ஆறு மாடிக் கட்டடம். அதன் உச்சியில் ஹெலிகாப்டர் இறங்குவதற்கு ஒரு மேடை இருந்தது உண்மைதான். ஆனால் அந்த மேடை சிறிய ரகங்களைத்தான் தாங்கும். ஒரே தடவையில் ஐம்பது அறுபது பேரை ஏற்றிச் செல்லவல்ல பெரிய ஹெலிகாப்டர்கள் தரையில்தான் இறங்க வேண்டும். தரையிலே அதற்குப் போதிய இடம் அந்த முற்றம் ஒன்றே. அந்த முற்றத்தில் கிளை பரப்பி நின்றது புளியமரம். நிலைமை முற்றி வருவதைக் கண்ட படைவீரர்களும் உத்தியோகஸ்தர்களும் அதை வெட்டிவிட வேண்டுமென்று பன்முறை கேட்டும், தூதர் கிரஹாம் மார்ட்டின் இணங்கவில்லை. மரம் விழுந்தால் அச்செய்தி மதிலுக்கு வெளியே பரவும், அமெரிக்கர் மூட்டை கட்டுகிறார்கள் என்பது நகரம் முழுவதற்கும் தெரிந்துவிடும், தெரிந்த மறுகணமே தென் வியட்நாமின் சைன்யமும் அரசாங்கமும் சரிந்து வீதியெல்லாம் கலவரமாகிவிடும் என்பது அவருடைய வாதம். அவரைக் கல்நெஞ்சர் என்றோ மூடர் என்றோ ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. தம் வளர்ப்பு மகனை அதே யுத்தத்தில் பறிகொடுத்தவர் அவர். அந்நாட்களில் நுரையீரல் ஜுரத்தால் வாடிக்கொண்டே கடமை பார்த்தவர். அத்தனை உயிர்களை வாங்கிய ஒரு காரியம் வீணாகிப் போகாது, எப்படியாவது ஒரு சமரசம் ஏற்பட்டே தீரும் என்று அவர் உள்ளூர நம்பினார். தனி மனிதர் ஒருவரிடம் அந்த நம்பிக்கை பரிதாபத்துக்கு உரியது. ஆனால் பிறருடைய உயிர்களுக்குப் பொறுப்பேற்ற ஸ்தானத்தில் அமர்ந்தவர் அதையே ராஜ்ய தந்திரமாகக் கொண்டதனால் விளைந்த விபரீதம் பெரிது.

அந்த விபரீதம் நேர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1973 ஜனவரியில் பாரிஸ் நகரத்தில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி அமெரிக்கத் துருப்புகள் வியட்நாமைவிட்டுப் போயின, யுத்தம் போகவில்லை. 1975 மார்ச் 10 அன்று வட வியட்நாம் படைகள் மலைநாட்டிலுள்ள பான் மீ துவாத் நகரைத் தாக்கிக் கைப்பற்றவே, தென் வியட்நாம் ஜனாதிபதி நுயென் வான் தியூ மலைநாடு முழுவதையும் கைவிட்டுப் பின்வாங்கும்படி திடீரெனக் கட்டளையிட்டார். முன்னேற்பாடில்லாத அந்தப் பின்வாங்கலில், பாழடைந்த ஒரு மலைப்பாதையிலே சிப்பாய்களும் அவர்களுடைய பெண்டு பிள்ளைகளும் கும்பல் கும்பலாக மடிந்தார்கள். மாதம் முடிவதற்குள் ஹுவே போயிற்று. டா நாங் போயிற்று. டா நாங்கிலிருந்து பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிவரச் சென்ற விமானத்தில், இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறியவர்கள் பெரும்பாலும் ஆயுதம் தாங்கிய சிப்பாய்கள். சக்கரக் கூட்டைப் பற்றிக்கொண்டு தொங்கியவர்கள் சிலர் நடுவானிலிருந்து விழுந்து மாண்டனர். ஒரு பட்டணத்திலிருந்து ஜனங்களைக் கடைசி நேரத்தில் வெளியேற்றப் பார்த்தால் என்ன நேரும் என்பதற்கு, சைகோனின் வீழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்னதாகவே கண்கூடான சாட்சி கிடைத்துவிட்டது. அனாதைக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஏப்ரல் 4 அன்று கிளம்பிய பெரிய ராணுவ விமானம் ஒன்று விழுந்து நொறுங்கி நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட துயரமும் இந்த நாட்களில் நேர்ந்ததே. ஏப்ரல் 21 அன்று தியூ பதவி விலகினார்; சில தினங்களில் தைவானுக்குப் போய்ச் சேர்ந்தார்.

யாரை அழைத்துப் போவது, யாரை விட்டுவிடுவது என்பதுதான் உண்மையில் எல்லாவற்றையும்விடக் கடினமான வினா. அமெரிக்கர் வெளியேறுவது பெரிய காரியமன்று. இருபது வருஷ காலமாக அவர்களுக்கு மொழிபெயர்த்தவர்கள், தட்டச்சு செய்தவர்கள், உளவு சொன்னவர்கள், அவர்களோடு சேர்ந்து போரிட்டவர்கள், அவர்களை மணந்தவர்கள் என்று, குடும்பத்தாரையும் சேர்த்து எண்ணினால் கணக்கு லட்சங்களில் போய் நிற்கும். வெற்றி பெற்றவர்கள் வந்து நுழைந்தபின் இவர்கள் யாருக்கு வேலை செய்தார்கள் என்பதே குற்றமாகும் என்பதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். ஆகவே, தூதர் பகிரங்கமாக ஏற்பாடு செய்யத் தயங்கிய காரியத்தை, இளம் உத்தியோகஸ்தர்களும் ராணுவ அதிகாரிகளும் அவருக்குத் தெரியாமலே செய்யத் தலைப்பட்டார்கள். தங்களிடம் வேலை பார்த்தவர்களைக் கூடை வண்டியிலும் சாமான் வண்டியிலும் ஒளித்துக் கொண்டுபோய், டான் சோன் நுட் விமானத்தளத்தில் சரக்கு விமானங்களில் ஏற்றிவிட்டார்கள். ஏப்ரல் மாதத்தில் விமான வழியாகத் தப்பிய நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் எத்தனையோ பேர், சட்டத்தை மீறத் துணிந்த இப்படிப்பட்ட தனி மனிதர்களுக்குத் தங்கள் உயிரைக் கடன்பட்டவர்கள்.

ஏப்ரல் 28 மாலையில், எதிரிகள் கைப்பற்றிய விமானங்களே வந்து டான் சோன் நுட் தளத்தின்மேல் குண்டு வீசின. மறுநாள் விடியுமுன் ராக்கெட்டுகள் விழத் தொடங்கின. காவல் நின்ற இரண்டு அமெரிக்க மரீன் வீரர்கள் இறந்தார்கள். ஓடுபாதையில் எரிந்த விமானங்களும் எறியப்பட்ட குண்டுகளும் கிடந்தன. அப்பொழுதும் மார்ட்டின் நம்பவில்லை. நேரில் போய்த் தம் கண்ணால் பார்த்த பின்னரே, இனி விமானம் இறங்க வழியில்லை, ஹெலிகாப்டர் ஒன்றே கதி என்று ஒப்புக்கொண்டார். அமெரிக்க வானொலி, சைகோனில் வெப்பம் 105 டிகிரி, இன்னும் ஏறுகிறது என்று அறிவித்து, அந்தக் கோடை நாளிலே ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை ஒலிபரப்பியது. அதுவே புறப்படுவதற்குரிய இரகசிய அடையாளம். ஆனால் அந்த இரகசியம் அதற்குமுன்பே பலர் அறிந்ததாகிவிட்டது. புளியமரம் அன்று காலையில்தான் வெட்டப்பட்டது.

ஜனங்களை ஏற்றி வருவதற்கென்று நியமித்த பஸ்கள் சந்து பொந்துகளில் நெடுநேரம் அலைந்தன. எத்தனையோ குடும்பங்கள், சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில், நல்ல உடை உடுத்திக் கையில் பெட்டியோடு காத்திருந்தன. அவர்களிடம் பஸ் வரவேயில்லை. தூதரகத்தின் மதிலைச் சூழ்ந்து பத்தாயிரக் கணக்கில் கூட்டம் திரண்டது. அமெரிக்கக் கம்பெனிகளின் நற்சாட்சிப் பத்திரங்களையும், என்றோ இறந்துபோன அதிகாரி ஒருவர் எழுதித் தந்த கடிதங்களையும் கைகளில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அவற்றை உள்ளே யாராவது படித்துப் பார்க்கமாட்டார்களா என்று அவர்கள் கெஞ்சினார்கள். மதிலின்மேல் நின்ற மரீன் வீரர்கள் தங்களுக்கு அடையாளம் தெரிந்தவர்களைக் கை பிடித்து மேலே தூக்கினார்கள். மற்றவர்களைக் கீழே தள்ளினார்கள். உள்ளே தஸ்தாவேஜுகளும் நோட்டுக் கட்டுகளும் எரிந்துகொண்டிருந்தன. எரிக்க வேண்டியவை யாவும் எரியவில்லை என்பதையும், நம்பி உளவு சொன்ன வியட்நாமியர்களின் பெயர்கள் அடங்கிய பத்திரங்கள் அப்படியே விடப்பட்டன என்பதையும், அங்கே உளவுத்துறையில் பணியாற்றிய ஃபிராங்க் ஸ்னெப் பின்னர் ஒரு நூலாகவே எழுதினார்.

உலகம் முழுவதும் அறிந்த ஒரு படத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு கட்டடத்தின் உச்சியில் சிறிய ஹெலிகாப்டர் நிற்க, ஏணிப் படியில் வரிசையாக ஜனங்கள் ஏற, மேலே நின்ற ஒருவர் கை நீட்டுகிற அந்தப் படத்தை எடுத்தவர் ஹியூபர்ட் வான் எஸ் என்ற டச்சுக்காரர். தூதரகத்தின் மாடி என்றே பலகாலம் பலரும் அதைக் கருதி வந்தார்கள். அது தூதரகமன்று, ஜியா லாங் தெரு 22-ஆம் எண்ணுள்ள, அமெரிக்க உத்தியோகஸ்தர்கள் குடியிருந்த ஒரு மாடி வீடு. ஏறத்தாழ ஒரு டஜன் பேரே அந்த ஹெலிகாப்டரில் இடம் பெற்றார்கள். படத்தில் என் மனத்தை வருத்துவது ஹெலிகாப்டரும் அன்று, நீட்டிய கையும் அன்று. அந்த ஏணியில் அடிப்படிவரை நிற்பவர்களே.

பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு முதல் ஹெலிகாப்டர்கள் கடலிலே நின்ற கப்பல்களிலிருந்து வந்து சேர்ந்தன. இரவு வந்ததும் முற்றத்தைச் சுற்றிக் கார்களை நிறுத்தி அவற்றின் விளக்குகளை ஏற்றி, மரம் நின்ற இடத்தில் பெரிய ஹெலிகாப்டர்களை இறக்கினார்கள். ஒரு பகலும் ஓர் இரவுமாக, விமானத்தளத்திலிருந்தும் தூதரகத்திலிருந்தும் ஏறத்தாழ 7,000 பேர் இவ்விதம் கொண்டுபோகப்பட்டனர். அவர்களில் 5,500-க்கு மேற்பட்டவர்கள் அமெரிக்கர் அல்லாதவர்கள். ஹெலிகாப்டர் ஓட்டிகள் கண் மூடாமல் பறந்தார்கள். மார்ட்டினும் அந்த இரவில், இன்னும் சில ஹெலிகாப்டர்கள், இன்னும் சில ஹெலிகாப்டர்கள் என்று வாஷிங்டனிடம் மன்றாடி, எவ்வளவு அதிகமான வியட்நாமியரை அனுப்ப முடியுமோ அவ்வளவு பேரை அனுப்பினார். ஒரு மாதம் தயங்கிய மனிதர் ஓர் இரவில் அதை ஈடு செய்யப் பாடுபட்டார் என்பதையும் எழுதாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன்.

முற்றத்தில் கடைசியாக ஏறத்தாழ 420 பேர் எஞ்சினார்கள். அவர்களை வரிசையாக உட்காரவைத்து, ஒருவரும் விடுபட மாட்டார்கள், உங்களுக்குப் பின்னரே நானும் ஏறுவேன் என்று அவர்களுடைய பாஷையிலேயே ஆறுதல் சொல்லியிருந்தவர் காப்டன் ஸ்டூவர்ட் ஹெரிங்டன். அவர் பொய் சொல்லவில்லை. சொன்னபோது அதை நம்பியே சொன்னார். ஆனால் விடியுமுன், இனி அமெரிக்கரை மட்டுமே ஏற்ற வேண்டும், தூதர் உடனே புறப்பட வேண்டும் என்று அமெரிக்க ஜனாதிபதியின் கட்டளை வந்தது. ஐந்து மணிக்குச் சற்று முன் மார்ட்டின் ஏறினார். ஹெரிங்டன், இருட்டில் சற்று ஒதுங்கிவிட்டு வருவதாகச் சொல்லிச் சுற்றுவழியாகக் கட்டடத்துக்குள் புகுந்து, மாடிக்குப் போய் ஹெலிகாப்டரில் ஏறினார். மேலெழும்பும்போது கீழே பார்த்தவருக்கு, அவர்கள் வரிசை கலையாமல் அப்படியே காத்திருந்தது தெரிந்தது. அந்தக் காட்சியின் வெட்கத்தை அவர் தம் ஆயுளின் பிற்பகுதியிலும் மறைத்துப் பேசவில்லை. அந்த 420 பேரில் தென் கொரியத் தூதரகத்தார் சிலரும் இருந்தார்கள். இவர்களைப்போல் நகரெங்கும் விடப்பட்டவர்களில் எண்ணற்றோர் மறுபடிப்பு முகாம்கள் என்ற பெயருடைய சிறைகளில் வருஷக் கணக்கில் வாடினார்கள். பின்னர் லட்சக்கணக்கானோர் ஓட்டைப் படகுகளில் கடலுக்குள் இறங்கினார்கள்.

மாடியில் மறக்கப்பட்டவர்கள்போல் நின்ற பதினோரு மரீன் வீரர்களைக் கடைசி ஹெலிகாப்டர் வந்து ஏற்றிச் சென்றபோது காலை எட்டு மணி ஆகப்போகிறது. அன்று நண்பகலுக்குள் வட வியட்நாம் டாங்கிகள் சைகோனில் ஜனாதிபதி மாளிகையின் இரும்புக் கதவை இடித்துக்கொண்டு உள்ளே புகுந்தன. அந்த ஏப்ரல் 30-ஐ வென்றவர்கள் விடுதலை நாள் என்கிறார்கள். நாட்டைவிட்டு ஓடியவர்கள் கறுப்பு ஏப்ரல் என்கிறார்கள்.

கடலிலோ வேறொரு காட்சி. தென் வியட்நாமின் விமானிகள் தத்தம் குடும்பங்களை ஹெலிகாப்டர்களில் திணித்துக்கொண்டு தாங்களே கப்பல்களை நாடி வந்தார்கள். நிறுத்த இடமின்மையால், ஆட்கள் இறங்கியதும் அந்த ஹெலிகாப்டர்களைத் தள்ளிக் கடலில் விட்டார்கள். மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் ஒரு சிறு விமானத்தில் ஏற்றிவந்த மேஜர் ஒருவர், 'மிட்வே' என்ற விமானந்தாங்கிக் கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, இறங்க இடம் தரும்படி காகிதத்தில் எழுதிக் கீழே போட்டார். காகிதத்தைக் காற்று இருமுறை அடித்துப் போயிற்று; மூன்றாவது தடவை அது தளத்தில் விழுந்தது. கப்பல் தலைவர் லாரி சேம்பர்ஸ், தம்மை விசாரணைக்கு நிறுத்தினாலும் நிறுத்தட்டும் என்று துணிந்து, லட்சக்கணக்கான டாலர் பெறுமான ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளச் செய்து இடம் ஒழித்துக் கொடுத்தார். விமானம் இறங்கியது, குழந்தைகள் பிழைத்தார்கள்.

தென் வியட்நாம் கடற்படையில் எஞ்சிய ஏறத்தாழ 30 கப்பல்கள், 30,000 ஜனங்களைச் சுமந்துகொண்டு, 'கிர்க்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வழிகாட்ட, பிலிப்பைன்ஸ் தேசத்துச் சூபிக் விரிகுடாவை நோக்கிச் சென்றன. கரைக்கு அருகே வந்தபோது, இல்லாமற்போன ஒரு தேசத்தின் கொடியோடு வரும் கப்பல்களை உள்ளே விட முடியாது என்று பிலிப்பைன்ஸ் அரசாங்கம் மறுத்துவிட்டது. கப்பல்களை அமெரிக்காவுக்கே திருப்பித் தந்ததாகக் கொண்டு, மஞ்சள் நிறத்தில் மூன்று சிவப்புக் கோடுகள் இட்ட தங்கள் கொடியை இறக்கிவிட்டு அமெரிக்கக் கொடியை ஏற்றுவதென்று முடிவாயிற்று. மே 7 அன்று, ஒவ்வொரு கப்பலின் தளத்திலும் மாலுமிகளும், அவர்களுடைய மனைவிமாரும், முதியோரும், பிள்ளைகளும் நெருக்கியடித்து நின்று, அத்தேசத்தின் கீதத்தைப் பாடிக்கொண்டே அந்தக் கொடி கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.