‘நாய்கிட்ட அன்பா இருன்னா, எப்படி டீச்சர் இருக்கணும்?’

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் அரசுப் பள்ளிக்குப் போனால், சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நாய் படுத்திருக்கும். அநேகமாக அதன் பெயர் மணி. மதிய பெல் அடித்ததும் எழுந்து வந்து வேப்பமரத்தடியில் உட்காரும். பிள்ளைகள் தட்டில் மிஞ்சும் சாம்பார் சோற்றைத் தின்றே வளர்ந்தது. யார் வளர்க்கிறார்கள் என்று கேட்டால், ‘பள்ளிக்கூடத்து நாயிங்க’ என்பதுதான் பதில்.

அந்த மணிக்கும் சேர்த்துத்தான் 2025 நவம்பர் 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் இருக்கும் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, காப்பகத்துக்கு மாற்ற வேண்டும். பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது. இதையொட்டி நாடு முழுக்க எழுந்த வாக்குவாதத்தில், அதே உத்தரவில் இருந்த இன்னொரு விஷயம் அமுங்கிப்போனது. விலங்குகளுக்குப் பக்கத்தில் எப்படி நடந்துகொள்வது, கடித்துவிட்டால் முதலுதவி என்ன, உடனே யாரிடம் சொல்வது என்று கல்வி நிறுவனங்கள் மாணவர்களுக்கு விழிப்புணர்வு வகுப்பு நடத்த வேண்டும் என்கிறது அது.

ஆக, வகுப்பு நடத்தியாக வேண்டும். ஆனால், ‘மணியை எங்க டீச்சர் புடிச்சுட்டுப் போனாங்க?’ என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? ‘பிராணிகளிடம் அன்பு காட்டுவோம்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

போர்வையும் போஸ்டரும்

உயிர்களிடம் அன்பு என்பது நம் பாடப்புத்தகத்துக்குப் புதிதல்ல. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன், நம் கொங்குக்குப் பக்கத்துப் பழநி மலையை ஆண்டவன். ஒரு மதிப்பெண் கேள்வியாக அவனைப் படிக்காத பிள்ளை கிடையாது. அதே பிள்ளை சாயங்காலம் தோட்டத்துக்குப் போனால், விதைத்ததைக் கிளறித் தின்னும் மயிலை விரட்டத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். புத்தகத்து மயில் வேறு, காட்டு மயில் வேறு என்று அதற்கு எட்டு வயதிலேயே தெரிந்துவிடுகிறது. நாய், பூனை விஷயத்திலும் இதுதான் நடக்கிறது. அக்டோபர் 4 உலக விலங்குகள் தினத்துக்கு ஓவியப் போட்டி. நாய்க்குட்டியைக் கட்டிப்பிடித்திருக்கும் சிறுமியின் படத்துக்கு முதல் பரிசு. அந்தப் படத்தில் இருப்பதைப் போல அறிமுகமில்லாத நாயைக் கட்டிப்பிடித்தால் கடி வாங்கும் வாய்ப்பே அதிகம் என்பதை யாரும் சொல்வதில்லை.

இந்தக் கல்விக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பரதக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் தொடர்ச்சியாக வந்தது 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன்படி 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியம் சென்னையிலிருந்துதான் இயங்கியது. முதல் தலைவரும் அவரே. சொற்பொழிவு, புத்தகம், சுவரொட்டி, திரைப்படக் காட்சி வழியாக மக்களுக்கு விலங்கு நலம் பற்றிக் கற்பிப்பது வாரியத்தின் வேலைகளில் ஒன்று என்று அந்தச் சட்டத்தின் 9-வது பிரிவு சொல்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் பள்ளிகளில் சுவரொட்டியைத் தாண்டி இது அதிகம் நகரவில்லை.

லாப்ரடார் வைத்த பரீட்சை

பாடம் பிள்ளையின் மனதில் ஏறியதா, கை காலில் ஏறியதா என்பதை எப்படிச் சோதிப்பது? ஆஸ்திரேலியாவின் சிட்னியில் எட்டுத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2000-ம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் 346 பேர். ஒரு பகுதிப் பள்ளிகளில் மட்டும், நாயைக் கையாளத் தெரிந்தவர்கள் வந்து அரை மணி நேரப் பாடம் எடுத்தார்கள். நாயைத் தொடுவதற்கு முன் உரிமையாளரிடம் கேட்பது, எப்போது தொடக் கூடாது என்று அடையாளம் காண்பது, நாய் பாய்ந்தால் எப்படி நிற்பது என்று எல்லாமே செய்முறை.

ஒரு வாரம், பத்து நாள் கழித்து, பிள்ளைகளுக்குச் சொல்லாமல், விளையாட்டு மைதானத்தில் ஒரு சாதுவான லாப்ரடாரைக் கட்டிவைத்தார்கள். உரிமையாளர், யாரென்று பிள்ளைகளுக்குத் தெரியாதபடி, சற்றுத் தள்ளி இருந்தார். பாடம் கேட்காத பிள்ளைகளில் 79 சதவிகிதம் பேர் யோசிக்காமல் போய்த் தடவிக்கொடுத்தார்கள். பாடம் கேட்டவர்களில் அப்படிச் செய்தது 9 சதவிகிதம் பேர்தான்.

வெறும் அரை மணி நேரம்! அதே பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் கொடுத்திருந்தால், பாடம் கேட்காதவர்களும்கூட ‘நாயிடம் கவனமாக இருக்க வேண்டும்’ என்று எழுதியிருப்பார்கள். ஆனால் இங்கே நாய்தான் கேள்வித்தாள்.

இதை வைத்து ஒரேயடியாகத் துள்ளவும் முடியாது. இப்படிப்பட்ட பாடங்களால் நாய்க்கடி எண்ணிக்கை குறைகிறதா என்பதற்கு நேரடி ஆதாரம் கிடைக்கவில்லை என்று, ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு 2009-ல் சொன்னது. பத்து நாளில் நினைவிருப்பது பத்து மாதத்தில் இருக்குமா என்பதும் வேறு கேள்வி. அமெரிக்காவில் ஃபிராங்க் அசியோன் என்ற உளவியலாளர் 1990-களில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், கல்வியாண்டு முழுக்கப் பரவலாக நடத்திய பாடத்தின் தாக்கம் ஓராண்டு கழித்தும் தெரிந்தது. விலங்குகளிடம் மட்டுமல்ல, சக மனிதர்களிடம் காட்டும் பரிவிலும் தெரிந்தது. சிறப்பு விருந்தினர், பொன்னாடை, ஒரு மணி நேரப் பேச்சு, குரூப் போட்டோ என்று முடிகிற விழாவில் இது வராது.

மரம் போல நில், கல் போல சுருள்

சின்ன வகுப்புகளில் இதைச் சொல்லித்தர உயிருள்ள நாயே வேண்டாம். நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து நிறுத்துவது அதற்குத்தான் முதல் வதை. ஆசிரியரே நாயாக நடிக்கலாம், அல்லது ஒரு துணிப் பொம்மை போதும்.

தெரியாத நாய் நெருங்கினால் ஓடாதே. கையை உடம்போடு ஒட்டி மரம் போல நில், அதன் கண்ணை உற்றுப் பார்க்காதே. கீழே விழுந்துவிட்டால் முழங்காலை மடக்கி, காதையும் கழுத்தையும் கையால் மூடி, கல் போலச் சுருண்டுகொள். தின்கிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகாதே. மார்கழி, தை மாதங்களில் தெருவில் குட்டிகளைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளைகளுக்கு இந்தக் கடைசி வரி மிக முக்கியம். தாயிடமிருந்து பிரித்த குட்டி பிழைப்பது கஷ்டம். தேடி வரும் தாயும் சும்மா இருக்காது.

அடுத்தது நாயின் பேச்சு. வாலாட்டினால் சந்தோஷம் என்று மட்டும்தான் நமக்குத் தெரியும். உடம்பு விறைத்திருக்க, வால் மட்டும் மேலே நின்று ஆடினால் அதன் அர்த்தம் வேறு. சம்பந்தமில்லாமல் உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் ‘என்னை விட்டுடு’ என்பதற்கு அது சொல்லும் சொற்கள். இவற்றைப் படிக்கத் தெரிந்த பிள்ளை பயந்தாங்கொள்ளி ஆவதில்லை. எதிரில் இருக்கும் உயிருக்கும் ஒரு விருப்பம் உண்டு என்று கற்றுக்கொள்கிறது. பரிவு என்பதே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

லீவுக்கு அப்புச்சி தோட்டத்துக்குப் போகும் பிள்ளைக்கு வேறு ஒரு பாடம் காத்திருக்கிறது. சாளைக்கு முன்னால் பொழுதுக்கும் சங்கிலியில் கிடக்கும் நாய். ஓட வழியில்லாத நாய்க்குப் பாய்வதைத் தவிர வேறு வழி தெரியாது. எந்நேரமும் கட்டிப்போட்ட நாயை நடமாட விடாமல் வைத்திருப்பது மேலே சொன்ன 1960 சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை. இன்றைக்கு டீ, பன் செலவு! சட்டத்தால் நடக்காதது, ‘அப்புச்சி, சாயங்காலம் ஒரு மணி நேரம் அவுத்து விடலாங்களா?’ என்று பேத்தி கேட்டால் நடந்தாலும் நடக்கும்.

மறைக்கப்படும் கீறல்

இந்த வகுப்பின் உயிர்நாடியான பகுதி இது. நாய் பல்லோ நகமோ பட்டால் பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. ‘அதுகூட விளையாடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்’ என்று அடி விழும், அப்புறம் ஊசி. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற கதையை இன்றைக்கும் பாட்டிகள் சொல்கிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்தின் காலம். இந்தியாவில் அது நிறுத்தப்பட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கையில்தான் ஊசி. சில தவணைகள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். வருவதற்கு முன் தடுப்பது கிட்டத்தட்ட நூறு சதவிகிதம் முடியும். ரேபிஸ் சந்தேகமுள்ள விலங்கிடம் கடிபடுபவர்களில் 40 சதவிகிதம் பேர் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். 15 நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று பிள்ளைக்குத் தெரியாது. பள்ளிக் குழாயடியில் கடிகாரம் வைத்து ஒருமுறை கழுவிப் பார்த்தால் மறக்காது. பிறகு உடனே மருத்துவமனை.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு வரலாறு நிற்கிறது. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். தென்னிந்தியாவில் அப்போது அதற்குச் சிகிச்சை கிடையாது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்திருந்த நன்கொடையின் உதவியோடு 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஊட்டிக்குச் சுற்றுலா போகும் பள்ளிப் பிள்ளைகள் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள்.

இந்தப் பகுதியில் பெற்றோரும் படிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கடித்ததைச் சொன்ன பிள்ளையை அன்றைக்கு அடிக்கக் கூடாது.

பட்டியிலிருந்து வரும் பிள்ளை

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துப் பள்ளியில் ஆசிரியர் ‘நாய் நன்றியுள்ள பிராணி’ என்று ஆரம்பித்தால், கடைசி பெஞ்சில் ஒரு பையன் தலையைக் குனிந்துகொள்ளக்கூடும். முந்தின ராத்திரி அவன் வீட்டுப் பட்டிக்குள் நாய்க்கூட்டம் புகுந்து ஆடுகளைக் குதறியிருக்கும். அவனுடைய ஃபீஸும் தீபாவளித் துணியும் அந்த ஆடுகள்தான். கடந்த சில ஆண்டுகளில் இந்தப் பகுதி விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலைக்கு வந்து போராடினார்கள். 2025-ல் அரசு, ஓர் ஆட்டுக்கு 6,000 ரூபாய் என இழப்பீடு அறிவித்தது.

இந்தப் பையனிடம் அன்பை உபதேசிக்கிற பாடம் தோற்றுப்போகும், தோற்கவும் வேண்டும். அவன் கோபம் நியாயமானது. அவனைப் பேசவிட்டு, அங்கிருந்து கேள்வியைத் தொடங்கலாம். இந்த நாய்கள் எங்கிருந்து வந்தன? கோழிக்கடைக் கழிவை ரோட்டோரம் கொட்டுவது யார்? டவுனில் வளர்த்துச் சலித்த நாயைக் காரில் கொண்டுவந்து தோட்டத்துப் பாதையில் இறக்கிவிடுவது யார்? நாய்க்கு விஷம் வைப்பதுதான் தீர்வு என்று அந்தப் பையன் ஒருவேளை சொல்லலாம். அந்த விஷத்தைத் தின்பது எந்த நாய் என்று யார் சொல்ல முடியும்? பக்கத்துச் சாளையில் காவல் கிடக்கும் நாயாகவும் இருக்கலாம். வகுப்பில் சத்தமாகப் பேச வேண்டிய பேச்சு இது. இங்கே இதைத் தவிர்த்துவிட்டு நடத்தும் ஜீவகாருண்ய வகுப்பு, காந்திபுரம் ஃபிளாட் பிள்ளைகளுக்கு மட்டுமான வகுப்பு.

ஃபிளாட் பிள்ளைகளுக்கும் பாடம் இருக்கிறது. பார்வையில்லாத ஹஸ்கி குட்டியைப் பற்றி 2022-ல் வந்த ‘ஓ மை டாக்’ படம் ஊட்டியில் நடக்கும் கதை. பனிப்பிரதேசத்து நாய் சித்திரை வெயிலில், நாலாவது மாடி பால்கனியில் என்ன பாடுபடும்? பிறந்தநாள் பரிசாகக் குட்டி கேட்கும் பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தீவனம், தடுப்பூசி, டாக்டர், ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் என்று பன்னிரண்டு வருடக் கணக்கைப் போடச் சொன்னால், கணக்குப் பாடமும் ஆயிற்று.

இதற்கெல்லாம் புதிய பீரியட் தேவையில்லை. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ இருக்கிறது; ஆட்டமும் பாட்டும் நடிப்பும்தான் அதன் வழி. சிறார் திரைப்படம் திரையிடும் வழக்கமும் இருக்கிறது. கோவையில் 2006 முதல் இயங்கும் ஹியூமேன் அனிமல் சொசைட்டி போன்ற அமைப்புகளில் நாய்க்குக் கருத்தடை செய்யும் வேலையை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பொன்னாடையை மிச்சம் பிடித்துவிட்டு அவர்களைக் கேள்வி கேட்கப் பிள்ளைகளை விடலாம்.

கருத்தடை செய்த தெருநாயின் காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரம், பெரியவர் துணையோடு, தூர நின்று, தங்கள் தெருவில் மொத்தம் எத்தனை நாய், அதில் காது வெட்டுள்ளது எத்தனை என்று எண்ணி வரட்டும். கரும்பலகையில் பட்டை வரைபடம் போடட்டும். வெட்டில்லாத நாய்கள் எந்தத் தெருவில் அதிகம் என்று பார்த்து, மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ அவர்களே ஒரு கடிதம் எழுதட்டும். மணியை எங்கே கொண்டுபோனார்கள், அங்கே அதற்குச் சோறு போடுகிறார்களா என்ற கேள்வியையும் அதே கடிதத்தின் கடைசி வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.