மும்மாரி பொழிகிறது, மகாராஜா!

தெருக்கூத்திலே ராஜா கொலுவுக்கு வந்து உட்கார்ந்ததும் மந்திரியைப் பார்த்து முதலில் கேட்கும் கேள்வி நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. "மந்திரி! நமது நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்பார். வெளியே நிலம் வெடித்துக் கிடந்தாலும் சரி, வெள்ளம் வந்து கூரைகளை அடித்துக்கொண்டு போனாலும் சரி, மந்திரி கைகட்டி நின்று, "பொழிகிறது, மகாராஜா!" என்பார். ராஜாவும் திருப்தியடைந்து அடுத்த பாட்டுக்குத் தயாராகிவிடுவார்.

இத்தகைய மந்திரி ஒருவரை மோட்டார் வண்டிக்குள்ளேயே வைத்து விற்றிருக்கிறார்கள் என்றால் நம்புவது கடினந்தான். ஆயினும் அது உண்மை. ஹிரோஷிமாவைச் சேர்ந்த மாஸ்டா கம்பெனியார் 2003-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆர்.எக்ஸ்.-8 என்ற வண்டியில் அவர் வீற்றிருந்தார். வேகப் பிரியர்களை உத்தேசித்துச் செய்த அழகான வண்டி அது. நாலு பேர் உட்காரலாம். பின்கதவுகள் அலமாரிக் கதவுகளைப்போல் எதிர்ப்புறமாகத் திறக்கும். அதிக சக்தியுள்ள ரகத்தின் என்ஜின் நிமிஷத்துக்கு 9,000 சுற்று வரையில் சுழலும். ஓட்டுகிறவரின் கண்ணுக்கெதிரே டாஷ்போர்டில் வட்ட வட்டமாக மீட்டர்கள். அவற்றில் ஒன்று என்ஜினுக்குள் ஓடும் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டுவது. வண்டியைக் கிளப்பியதும் அதன் முள் கம்பீரமாக எழுந்து நடுவில் வந்து நிற்கும். மலையேறினாலும் நிற்கும், சமவெளியில் பறந்தாலும் நிற்கும், கடைத்தெருவில் ஊர்ந்தாலும் அங்கேயே நிற்கும்.

நிற்காமல் என்ன செய்யும்? அந்த முள்ளின் பின்னால் அழுத்தத்தை அளக்கும் கருவியே கிடையாது. இருப்பது ஒரு சாதாரண ஸ்விட்ச்சு. எண்ணெயின் அழுத்தம் மிகச் சொற்பமான ஓர் அளவைத் தாண்டிவிட்டால் ஸ்விட்ச்சு மூடிக்கொள்ளும். முள் நடுவுக்கு வந்துவிடும். அதற்குமேல் அழுத்தம் பாதியானாலும், இருமடங்கானாலும் முள்ளுக்கு அதைப்பற்றிக் கவலையில்லை.

இதே கம்பெனியின் எம்.எக்ஸ்.-5 என்ற சிறு வண்டி 1989-ல் வெளிவந்தபோது அதில் மெய்யான அழுத்தமானி இருந்தது. அமெரிக்காவில் விற்ற 1995-ஆம் வருஷத்து வண்டியிலிருந்து அதை எடுத்துவிட்டு ஸ்விட்ச்சு முள்ளைப் பொருத்தினார்கள். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. உண்மையான முள் ஓயாமல் ஆடும். ஆடுகிற முள்ளைக் கண்டால் வண்டிக்காரருக்கு மனம் ஆடும். உடனே ரிப்பேர்க் கடைக்கு ஓடிவந்து, "என் வண்டிக்கு என்னவோ வந்துவிட்டது" என்பார். ஒன்றும் வரவில்லை என்று அவருக்கு எடுத்துச் சொல்வதைவிட முள்ளைக் கட்டிப்போடுவது சுலபம் அல்லவா?

மெய்யான முள் ஏன் ஆடுகிறது என்பதை அறிந்துகொண்டால் இந்தப் பயம் தீர்ந்துவிடும். என்ஜினுக்குள் சுழலும் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமலே ஓடவேண்டும். இரண்டுக்கும் நடுவே எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக நின்று சுமையைத் தாங்குகிறது. நமது தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராத படலம் அது. அடியிலுள்ள தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி அந்த இடுக்குகளுக்கெல்லாம் தள்ளுவது ஒரு சிறு பம்ப். காலையில் எண்ணெய் குளிர்ந்து கெட்டியாயிருக்கும்போது பம்ப் தள்ளினால் எளிதில் ஓடாது. ஆகையால் அழுத்தம் உயர்ந்து காணும். சூடேறி இளகிய பிறகு, வண்டி சாலைச் சந்திப்பில் நிற்கையில், முள் வெகுவாக இறங்கும். வேகத்தைக் கூட்டினால் மறுபடி ஏறும். ஆயிரம் சுற்றுக்குச் சதுர அங்குலத்துக்குப் பத்துப் பவுண்டு அழுத்தம் இருந்தால் போதும் என்பது மெக்கானிக்குகளிடையே வழங்கும் பழைய கணக்கு. ஆக, ஏறுவதும் இறங்குவதும் முள்ளின் தேக ஆரோக்கியத்துக்கு அடையாளம். ஆடாத முள்ளைக் கண்டால்தான் சந்தேகப்படவேண்டும்.

சரி, மெய்யான முள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது எண்ணெயைப்பற்றிய கவலை விட்டதா என்றால், அதுவும் இல்லை. அழுத்தம் வேறு, அளவு வேறு. கிணற்றில் நாலு முழம் தண்ணீர் இருந்தாலும் நாற்பது முழம் இருந்தாலும் வாளி நிறையத்தான் வரும். தரை தட்டுகிற அன்றுதான் வித்தியாசம் தெரியும். தொட்டியில் எண்ணெய் பாதியாகக் குறைந்தாலும் பம்ப்பின் வாய் மூழ்கியிருக்கும் வரையில் அழுத்தமானி வழக்கம்போலவே காட்டும். டாஷ்போர்டில் எண்ணெய்க் கிண்டி உருவத்தில் எரியும் சிவப்பு விளக்கும் சாதாரணமாக அழுத்தத்துக்குரியதேயன்றி அளவுக்குரியதன்று. ஓடும்போது அது எரிந்தால் சாலையோரம் ஒதுங்கி அந்தக் கணமே என்ஜினை நிறுத்திவிடவேண்டும். வீடு இன்னும் ஒரு மைல்தானே என்று ஓட்டிக்கொண்டு போகிறவர் புது என்ஜினுக்குப் பணம் தேடவேண்டி வரும்.

வேகமான வண்டிகளில் இந்தத் தொல்லை அதிகம். பூமியின் ஈர்ப்புக்குச் சமமான விசை பக்கவாட்டில் தாக்கும்படி ஒரு வளைவில் திரும்பினால், தொட்டியிலுள்ள எண்ணெயின் மேற்பரப்பு நாற்பத்தைந்து பாகை சாய்ந்துவிடும். எண்ணெய் குறைவாயிருந்தால் பம்ப்பின் வாய் ஒரு நொடி காற்றை உறிஞ்சும். மெய்யான முள் அப்போது ஒரு துடி துடித்துக் கீழே விழுந்து எழும். அந்த ஒரு துடிப்பே எச்சரிக்கை. ஸ்விட்ச்சு மந்திரியோ அழுத்தம் அடியோடு அற்றுப் போகிறவரையில் மும்மாரி பொழிகிறது என்றே சொல்லிக்கொண்டிருப்பார்.

பந்தயத்தை உத்தேசித்த வண்டிகளில் எண்ணெயை அடித்தொட்டியில் தங்கவிடாமல் தனி டாங்கியில் சேர்த்துவைப்பது உண்டு. காற்றினால் குளிரும் என்ஜின் கொண்ட போர்ஷே 911 வண்டிகள், 1998 வரையில் இந்த ஏற்பாட்டோடுதான் வந்தன. அவற்றில் எண்ணெய் அளவைப் பார்ப்பதே ஒரு சடங்கு. என்ஜின் நன்றாகச் சூடாகி, சமதரையில் நின்று, அணைக்காமல் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கவேண்டும். டாஷ்போர்டிலும் அளவுக்கென்று ஒரு முள் உண்டு. வேகமாகப் போகும்போது அது அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். விஷயம் தெரியாதவர் வண்டியை நிறுத்தி எண்ணெயை ஊற்றித் தள்ளிவிடுவார். அதுவும் ஆபத்தே.

ஆர்.எக்ஸ்.-8 விஷயத்தில் பொம்மை முள்ளை நாம் இவ்வளவு கடிந்துகொள்வதற்குத் தனிக் காரணம் உண்டு. இது மற்ற வண்டிகளைப்போல் பிஸ்டன் ஏறி இறங்கும் என்ஜின் அன்று. ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கெல் வகுத்த தத்துவப்படி, ஏறக்குறைய முக்கோண வடிவமுள்ள இரண்டு ரோட்டர்கள் கூண்டுக்குள் சுழல்கின்றன. ஒவ்வொரு முக்கோணத்தின் முனையிலும் ஒரு மெல்லிய தகடு கூண்டின் சுவரை உரசிக்கொண்டே போகும். அந்தத் தகடுகளுக்கு எண்ணெய் கிடைக்க வேண்டுமே! ஆகையால் பெட்ரோல் எரியும் அறைக்குள்ளேயே சிறிது சிறிதாக எண்ணெயைச் செலுத்துகிறார்கள். அது எரிந்து போய்விடுகிறது. இந்த என்ஜின் எண்ணெயைக் குடிப்பது நோயன்று. அதுவே அதன் ஆகாரம். ஓட்டுகிற விதத்தைப் பொறுத்து, ஓரிரண்டாயிரம் கிலோமீட்டருக்குள் ஒரு லிட்டர் வரையிலும் போய்விடக்கூடும். அளவைக் கண்ணால் பார்த்து ஊற்றவேண்டிய அவசியம் எந்த வண்டிக்கு அதிகமோ, அந்த வண்டியில் போய் "எல்லாம் சுகமே" என்கிற முள்ளை வைத்தார்கள்.

அந்த முனைத் தகடுகளின் கதையே ஒரு புராணம். 1967-ல் ஜெர்மனியின் என்.எஸ்.யு. கம்பெனி ரோ 80 என்ற வண்டியை இந்த என்ஜினோடு வெளியிட்டது. தகடுகள் தேய்ந்து என்ஜின்கள் வரிசையாகப் பழுதாயின. எதிரும் புதிருமாகச் சந்திக்கும் ரோ 80 சொந்தக்காரர்கள் கையசைப்பதற்குப் பதிலாக, இதுவரை மாற்றிய என்ஜின்களின் எண்ணிக்கையை விரலால் காட்டிக்கொள்வார்கள் என்று ஒரு வேடிக்கை வழங்கியது. இரண்டு வருஷத்துக்குள் கம்பெனியே வோக்ஸ்வாகன் கையில் போய்விட்டது. ஹிரோஷிமாவில் கெனிச்சி யாமமோட்டோவின் தலைமையில் வேலை செய்த இளம் பொறியாளர்கள், கூண்டின் சுவரில் விழுந்த கீறல்களுக்கு "சைத்தானின் நகக்குறி" என்று பெயரிட்டு, வருஷக்கணக்கில் அதோடு மல்லாடினார்கள். வென்றும் காட்டினார்கள். 1991-ல் பிரான்சில் நடந்த லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நாலு ரோட்டர் கொண்ட மாஸ்டா 787 பி முதலாவதாக வந்தது. ஜப்பானியக் கம்பெனி எதுவும் அதற்குமுன் அந்த வெற்றியைப் பெற்றதில்லை.

பந்தய வண்டிக்கோ, எண்ணெயைக் கவனிக்க ஒரு பட்டாளமே இருந்தது. வீட்டு வண்டிக்கு யார் இருக்கிறார்கள்? ஆர்.எக்ஸ்.-8 என்ஜின்கள் பல நாளாவட்டத்தில் அழுத்தம் இழந்து கிளம்ப மறுத்தன. அமெரிக்காவில் கம்பெனியார் அந்த என்ஜினுக்குரிய உத்தரவாதத்தை எட்டு வருஷம் அல்லது ஒரு லட்சம் மைல் என்று நீட்டிக்க வேண்டியதாயிற்று. எல்லாப் பழுதுக்கும் பொம்மை முள்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதை நம்பிக்கொண்டு பானெட்டைத் திறக்காமலே இருந்தவர்களுக்கு அது எந்த உபகாரமும் செய்யவில்லை.

பானெட்டைத் திறந்து பார்ப்பதற்கு ஆகும் நேரம் நிமிஷக் கணக்குத்தான். சாதாரண வண்டியானால் சமதரையில் நிறுத்தி, சூடான என்ஜினை அணைத்து, எண்ணெய் மேலிருந்து வடிந்து தொட்டிக்கு வந்து சேர ஐந்து பத்து நிமிஷம் விடவேண்டும். பிறகு டிப்ஸ்டிக்கை உருவிச் சுத்தமான துணியால் துடைத்து, மறுபடியும் கடைசி வரையில் செருகி எடுத்துப் பார்க்கவேண்டும். முதல் தடவை உருவியதைப் பார்த்து முடிவு செய்யலாகாது. அது குழாயின் சுவரெல்லாம் தடவிக்கொண்டு வந்த பொய். இரண்டு குறிகளுக்கு நடுவே எண்ணெய் நின்றால் நல்லது. பல வண்டிகளில் கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு லிட்டர். மேல் குறியைத் தாண்டி ஊற்றினால் சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை சுமையைத் தாங்காது. ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் பெட்ரோல் கலக்கிறதென்று சந்தேகிக்கவேண்டும். மோரைப்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. இந்தச் சேதிகளை எந்த முள்ளும் சொல்லாது.

உஷ்ணத்தைக் காட்டும் முள்ளிலும் இந்த உபாயம் உண்டு. பல வண்டிகளில் தண்ணீரின் உஷ்ணம் பல பாகை ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். தவிர, தண்ணீர் சூடான வேகத்தில் எண்ணெய் சூடாவதில்லை. இந்த விஷயத்தில் பி.எம்.டபிள்யு. கம்பெனியார் 1998-ல் வந்த எம்5 வண்டியில் செய்த ஏற்பாட்டை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். சுற்றுமானியின் விளிம்பில் சிறு விளக்குகள் வரிசையாக எரியும். எண்ணெய் சூடேற ஏற அவை ஒவ்வொன்றாக அணைந்து, இனி இவ்வளவு வேகம் போகலாம் என்று அனுமதி கொடுக்கும். முள்ளின் வாயைக் கட்டாமல் அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்த காரியம் அது. அதே கம்பெனியார் அடுத்த சில வருஷங்களில் பல என்ஜின்களிலிருந்து டிப்ஸ்டிக்கையே அகற்றிவிட்டு, அளவை மின்சாரக் கருவியால் அளந்து திரையில் காட்டத் தொடங்கினார்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும். கருவி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அது தவறினால் சரிபார்க்க வேறு சாட்சி இல்லையே!

ஆர்.எக்ஸ்.-8 வண்டியை இன்றும் ஆசையோடு வைத்திருக்கிறவர்கள் உண்டு. அவர்களில் அநேகர், இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை டிப்ஸ்டிக்கைப் பார்ப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டு, பின்பெட்டியில் ஒரு டப்பா எண்ணெயும் வைத்திருக்கிறார்கள். சிலர் ஸ்விட்ச்சைக் கழற்றி எறிந்துவிட்டு, கடையில் மெய்யான அழுத்தமானி வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள். பொருத்திய முதல் வாரம் அவர்களுக்குத் தூக்கம் வருவதில்லை. விளக்குக் கம்பத்தடியில் வண்டி நிற்கும்போதெல்லாம் முள் கீழே இறங்குகிறதே!