முன்பனியும் முதியோரும்

தமிழிலே பனி என்னும் சொல் ஒன்றுதான். விடியற்காலையில் புல்நுனியில் நிற்பதும் பனி. மார்கழியில் தலையில் இறங்கித் தடிமன் வருவிப்பதும் பனி. இமயத்தின் உச்சியில் உறைந்து கிடப்பதும் பனி. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று நம் முன்னோர் காலம் வகுத்தனர். அவற்றுள் பின்பனியைத் தொல்காப்பியர் பாலைத்திணைக்கும் உரியதாக்கினார். பாலையின் உரிப்பொருள் பிரிவு. பனிக்கும் பிரிவுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர் வினாவும்போதெல்லாம் யான் உரையாசிரியர்களின் பின்னே ஒளிந்து கொள்வேன். 2013ஆம் ஆண்டு மார்கழியில், கனடா தேசத்து ரொறன்ரோ நகரில், மின்சாரமும் வெப்பமும் இன்றிச் சில நாட்கள் இருந்த பின்னரே அத்தொடர்பு எனக்கு ஒருவாறு விளங்கிற்று.

மூன்றாம் தவணை விடுமுறை. எனது தம்பியின் குடும்பத்தோடு ஸ்காபுறோவில் வாழும் அன்னையாரைப் பார்க்கச் சென்றிருந்தேன். அங்கே மார்கழியில் ஞாயிறு எழுவதற்குக் காலை ஏழே முக்கால் ஆகிறது. மாலை நாலே முக்காலுக்குள் மறைந்துவிடுகிறது. "விடிஞ்சுதெண்டு நினைக்க முன்னம் பொழுது பட்டிடும், தம்பி. இஞ்சை ஆருக்கும் முகம் பாத்துக் கதைக்க நேரமில்லை, சூரியனுக்குமில்லை" என்றார் அம்மா. ஊரில் காலையில் முற்றம் கூட்டும்போதே வேலிக்கு மேலால் நாலு வீட்டுச் செய்தி அறிந்தவர் அவர். அங்கே அவருக்குச் செவ்வாயில் முதியோர் ஒன்றுகூடல், வியாழனில் நூலகம், வெள்ளியில் கோயில். இம்மூன்றுமே அவருடைய வேலி.

நத்தார் விடுமுறை வந்ததும் முதலில் அடைபடுவது இந்த வேலிதான். முதியோர் நிலையம் புத்தாண்டு கழியும்வரை பூட்டு. நூலகம் பல நாட்கள் பூட்டு. கோயிலுக்கு ஏற்றிச் செல்பவர் விருந்துக்குப் போய்விடுவார். உலகமெல்லாம் ஒன்றுகூடும் நாட்களிலே முதியவர் மாத்திரம், இருந்த கூட்டத்தையும் இழந்து வீட்டுக்குள் இருக்கிறார். பண்டிகைக் காலத்தில் எவரும் தனியராய் இரார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவ்வெண்ணமே அவரைத் தனியராக்கி விடுகிறது.

இதற்கு அம்மாவும் அவருடைய தோழியரும் தாமே ஒரு வழி கண்டிருந்தார்கள். அவர்கள் எழுவர். உடுப்பிட்டி அக்கா, வேலணை ஆச்சி, கைதடி மாமி என்று ஊர்ப்பெயராலேயே ஒருவரையொருவர் அழைப்பார்கள். காலை ஒன்பது மணிக்கு முதலாமவர் இரண்டாமவரைத் தொலைபேசியில் அழைப்பார். இரண்டாமவர் மூன்றாமவரை. ஏழாமவர் மீண்டும் முதலாமவரை அழைக்க, வட்டம் பூர்த்தியாகும். "எழும்பீட்டன், தேத்தண்ணி குடிச்சிட்டன்" என்பதற்கு மேல் அப்பொழுது பேசலாகாது என்பது விதி. (அவ்விதி ஒருநாளேனும் காக்கப்பட்டதை யான் கண்டிலேன்.) ஒருவர் எடுக்காவிட்டால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும் அழைக்க வேண்டும். அப்போதும் எடுக்காவிட்டால் அவருடைய பிள்ளைக்கோ அயலவருக்கோ அறிவிக்க வேண்டும். ஒவ்வொருவரின் வீட்டுத் திறப்பிலும் ஒரு பிரதி அடுத்தவரிடம் இருந்தது. கைதடி மாமியின் திறப்பு அம்மாவின் பழைய பால்மாப் பேணிக்குள்ளே கிடந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு அம்மா இட்ட பெயர் 'திருவெம்பாவை'. யான் முதலில் நகைத்தேன். பிறகு சிந்தித்தேன். எங்கள் ஊரில் திருவெம்பாவைக் காலத்து வைகறையில் இளைஞர் சங்கும் சேமக்கலமும் ஒலித்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வருவர். ஒலி கேட்டதும் வீடுதோறும் விளக்கு எரியும். எரியாத வீடு எது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். சிறு பிராயத்தில் ஒருமுறை, விளக்கெரியாத வீடொன்றின் படலையைத் திறந்து போய், காய்ச்சலில் அறிவு மயங்கிக் கிடந்த கிழவர் ஒருவரை நாங்கள் தூக்கி வந்திருக்கிறோம். துயிலெழுப்புதல் என்பதற்குச் சைவ நூல்கள் கூறும் உட்பொருளை யான் வகுப்பில் விரிவாகச் சொல்வதுண்டு. இந்தப் புறப்பொருளை ஒருநாளும் சொன்னதில்லை.

மார்கழி 21ஆந் திகதி இரவு மழை பெய்தது. அது வெண்பனி அன்று; நீராகவே இறங்கி, பட்ட இடத்தில் பட்டவுடன் உறைந்து கண்ணாடியாகும் மழை. மரக்கிளைகள் பனிக்கட்டியின் பாரந் தாங்காது முறிந்தன. முறியும் ஒலி துப்பாக்கி வெடிபோலவே இருந்தது. அம்மா எழுந்து வந்து என் கட்டிலருகில் நின்று, "தம்பி, பங்கருக்குள்ளை போவமே?" என்றார். ஊரை விட்டுச் சென்று பல ஆண்டுகள் கழிந்தும் உடல் அதை மறக்கவில்லை. அவரை இருத்தி, இது மரம் என்று தெளிவிக்க நெடுநேரமாயிற்று.

விடிந்தபோது நகரத்தில் ஏறத்தாழ 3,00,000 மின்னிணைப்புகள் அறுந்திருந்தன. அந்நாட்டிலே மின்சாரம் நின்றால் விளக்கு மாத்திரம் அணைவதில்லை. வீட்டை வெப்பமாக்கும் உலை எரிவாயுவில் எரிவதாயினும், அதன் விசிறியைச் சுழற்ற மின்சாரம் வேண்டும். கம்பியில்லாத வீட்டுத் தொலைபேசியும் ஊமையாகிவிடும். அம்மாவின் அறையில் இருந்ததோ சுருட்டைக் கம்பியுள்ள பழைய தொலைபேசி. அதற்கு வேண்டிய சிறிதளவு மின்சாரம் தொலைபேசிக் கம்பி வழியே வந்துகொண்டிருந்தது. தம்பி பலமுறை எறிய முயன்று அம்மா எறிய விடாத பொருள் அது.

ஒன்பது மணிக்கு வட்டம் இரண்டு இடத்தில் அறுந்தது. தம்பி தன் கைத்தொலைபேசியால் பிள்ளைகளை ஒவ்வொருவராக விசாரித்தான். ஒருவரைத் தவிர எல்லோரும் இருக்குமிடம் தெரிந்தது. கைதடி மாமியின் மகனுடைய குடும்பம் இரண்டு நாட்களுக்கு முன்னரே வெப்பமான கடற்றீவொன்றுக்கு விடுமுறைக்குப் போயிருந்தது. அவர்களைக் குறைகூற யான் இதை எழுதவில்லை. "பிள்ளையள் வருசம் முழுக்க மாயிறதுகள், போட்டு வரட்டும்" என்று வற்புறுத்தி அனுப்பியவர் மாமியே. குளிர்சாதனப்பெட்டி நிறைய உணவும், முகம் பார்த்துப் பேசும் கருவி ஒன்றும் வைத்துவிட்டுத்தான் போனார்கள். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும்.

பால்மாப் பேணியிலிருந்து திறப்பை எடுத்துக்கொண்டு தம்பியும் யானும் புறப்பட்டோம். பத்து நிமிட நடைக்கு ஒரு மணித்தியாலம் சென்றது. பென்குவின் பறவையைப்போலக் கால்களைச் சிறிது அகட்டி, உடலைச் சற்று முன்னே சாய்த்து, முழுப் பாதமும் படும்படி சிற்றடி வைத்து நடக்க வேண்டும் என்று அந்நாட்டார் போதிக்கின்றனர். பண்டிதர் ஒருவர் அவ்வாறு நடந்த காட்சியைத் தம்பி இன்றும் சொல்லிச் சிரிப்பான். ஆயினும் அந்நடை பழகாதவரே இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கின்றனர். கண்ணுக்குத் தெரியும் வெண்பனியை விட, வீதியின் நிறத்தையே காட்டி மெல்லிதாய்ப் படர்ந்திருக்கும் பனிக்கட்டியே கொடியது.

கதவைத் திறந்தோம். காஸ் அடுப்பின் நாலு வாய்களும் எரிந்துகொண்டிருந்தன. குளிர் புகாதிருக்க யன்னல் இடுக்குகளையெல்லாம் துணியால் அடைத்திருந்தார். மாமி அடுப்புக்கு அருகே கதிரையில் இருந்தார். தலையிடிக்கிறது என்றார், பசியாக்கும் என்றார், சொல் குழறியது. எங்களில் எவரையும் அவருக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. தம்பி அடுப்பை அணைத்தான். கதவை அகலத் திறந்து, போர்வையோடு அவரை வாசலுக்குக் கொண்டுவந்து, 911ஐ அழைத்தோம். தீயணைப்புப் படையினர் கருவியோடு வந்து அளந்து பார்த்துச் சொன்ன பெயர் காபனோரொட்சைட்டு. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. வந்ததை அறிவிப்பது தலையிடியும் மயக்கமுந்தான். அவற்றையும் முதுமை என்றே முதியவர் எண்ணிவிடுவார். அதனை அறிந்து ஓலமிடும் கருவி அவ்வீட்டுச் சுவரிலும் இருந்தது. மின்கலம் இல்லாத வகை. மின்சாரத்தோடு அதுவும் இறந்திருந்தது.

மாமி பிழைத்தார். ஆஸ்பத்திரியில் இருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அங்கும் குளிரே. பின்னர் மின்சாரம் மீண்ட நண்பர் ஒருவரின் வீட்டில் பதினொரு பேராக நத்தாரைக் கழித்தோம். வீடு குளிர்ந்தவர்கள் வந்து குளிர்காய நகரசபை சில நிலையங்களைத் திறந்திருந்தது. ஆனால் அதை வானொலியில் கேட்டுப் பனியில் நடந்து போகக்கூடியவருக்கே அது உதவும்.

வைத்தியர் அன்று எனக்கு ஒன்று விளக்கினார். வயது முதிர, குளிரை உணரும் திறனே உடலில் குறைகிறதாம். நடுக்கம் பிந்தி வரும்; சிலருக்கு வராமலும் விடும். வீட்டுக்குள்ளேயே இருந்து உடல் வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கிவிடலாம். அப்படி இறங்கும்போது புத்தி தடுமாறுவதால், தமக்குத் தீங்கு நேர்கிறது என்பதையே அவர் அறியார். ஆகவே, "குளிருதோ அம்மா?" என்று தொலைபேசியில் கேட்பதும் "இல்லை" என்ற விடையில் திருப்தியடைவதும் போதா. அறையின் வெப்பமானியில் எத்தனை பாகை காட்டுகிறது என்று கேட்க வேண்டும். குரல் குழறுகிறதா என்று கவனிக்க வேண்டும்.

இவை அந்நிய தேசத்துச் சங்கதிகள் என்று இங்குள்ளோர் தள்ளிவிடலாகாது. எங்கள் மார்கழி மழையில் கிணற்றடிப் பாசி அந்தப் பனிக்கட்டிக்கு இளைத்ததன்று. பிள்ளைகள் ஐந்து பேரும் ஐந்து தேசத்தில் இருக்க, பெரிய வீட்டில் ஒற்றை விளக்கோடு இருக்கும் தாய்மாரை யான் நாடோறும் கல்லூரிக்குப் போகும் வழியில் காண்கிறேன். பாடசாலை நடக்கும் காலத்தில் பிள்ளைகள் படலையைத் தட்டிக் கொய்யாக்காய் கேட்பார்கள். விடுமுறையில் அதுவும் இல்லை.

இப்பொழுது அம்மாவுக்கு வயது 87. எழுவர் நால்வராயினர். அவர்களுடைய தொலைபேசிகள் இணையத்தின் வழியே வருபவை. மின்சாரம் போனால் அவையும் போகும். ஆதலால் தனியாக மின்கலம் பூட்டிக் கொடுத்திருக்கிறான் தம்பி. வட்டத்தின் ஐந்தாம் கண்ணியாக என்னையும் சேர்த்துவிட்டார்கள். அங்கே காலை ஒன்பது மணி. குளிர்காலத்தில் இங்கே இரவு ஏழரை.

சென்ற மார்கழியில் ஒருநாள் மனைவி கொழும்பில் மகளிடம் சென்றிருந்தார். விடைத்தாள் திருத்திய களைப்பில் யான் சாய்மனைக் கதிரையிலேயே உறங்கிவிட்டேன். தொலைபேசி, கொடியில் தொங்கிய சட்டைப் பையில் இருந்தது. எட்டு மணியிருக்கும், முன்கதவு தானே திறந்தது. குடையும் ரோச் லைற்றுமாக அடுத்த வீட்டுப் பையன் நின்றான். கையில் என் வீட்டுத் திறப்பு. அதை அவர்களிடம் கொடுத்து வைத்தது எப்போது என்பதே எனக்கு நினைவில்லை.

"ஐயா, கனடாவிலையிருந்து அம்மா எடுத்தவ. உங்களைப் போய்ப் பாத்துச் சொல்லட்டாம்" என்று தன் தொலைபேசியை நீட்டினான்.

"எழும்பீட்டியே?" என்றது மறுமுனை.